பழமலைநாதன் மேல் ஒரு பிராது

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பழமலைநாதனுக்குச் சம்பளம் கொடுப்பது அவனுடைய காதுக்குத்தான். சூளையிலிருந்து வந்து ஆறிய பீங்கான் இன்சுலேட்டர்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, சின்னக் குச்சியால் ஒரு தட்டு தட்டுவான். கணீரென்றால் பெட்டிக்குள் போகும். மொத்தென்றால் உள்ளே எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் என்று அர்த்தம், கழிவு மேட்டுக்குப் போகும். மெஷினை ஏமாத்தலாம், பழமலையை ஏமாத்த முடியாது என்று ஓனரே வெளியூர் ஆட்களிடம் பெருமை அடிப்பார். நாள் முழுக்கத் தட்டித் தட்டிக் கேட்டவன் வீட்டுக்கு வந்தால் சத்தமே வேண்டாம் என்று சுருண்டு படுப்பான் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அவன் வீட்டுக்கு வந்தும் தட்டினான். அவன் பெண்டாட்டி பிரபாவுக்குப் பதினாறு வருஷம் அதுதான் குடித்தனம்.

கழிவுக்குப் போவதெல்லாம் விரிசல் விட்டது இல்லை. சூளையில் லேசாகக் கோணியது, பூச்சில் புள்ளி விழுந்தது என்று ஒதுக்கியதும் இருக்கும். பார்க்க லட்சணம் கிடையாது, தட்டினால் தேனாக இருக்கும். அப்படிப்பட்டதை எல்லாம் ஓனரிடம் கேட்டுக் கொண்டுவந்து, பழைய இரும்புக் கட்டில் சட்டத்தை நிமிர்த்தி நிறுத்தி, நைலான் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். இன்சுலேட்டர், ஃபியூஸ் கட்டை, பிடி உடைந்த டீ கப்பு என்று முப்பத்தொரு உருப்படி. தட்டுவதற்கு சைக்கிள் டியூப் சுற்றிய இரண்டு குச்சி. அவனே ராகம் கட்டுவான், அவனே வரி எழுதுவான், அவனே பாடி, போனில் ரெக்கார்டு பண்ணி யூடியூபில் போடுவான். நாற்பத்தாறு பாட்டு ஆகியிருந்தது. இருப்பதிலேயே அதிகமாக ஓடிய பாட்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வியூ. அதில் பாதி பிரபா காய் நறுக்கும்போது திரும்பத் திரும்ப ஓடவிட்டது. அந்த விஷயம் அவனுக்குத் தெரியாது.

பிரபா ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். கல்யாணமாகி ஆலடி ரோட்டு வாடகை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு பாட்டு கேக்குறியா?" என்றான். சினிமாப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சூளையைப் பற்றிய பாட்டு அது. ஆறாத சூளையைத் திறக்காதே, அவசரப்பட்டா அத்தனையும் விரிசல் என்று ஒரு வரி வரும். முடித்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். அவளுக்குப் பொய் சொல்ல வராது. "நல்லாருக்குதுங்க. நடுவுல ஒரு எடம் மட்டும் இழுவையா இருக்குது" என்றாள். எந்த இடம் என்று கேட்டு, அங்கேயே மாற்றிப் பாடிக் காட்டினான். கட்டிக்கொண்டு வந்து மூன்று நாளான பெண்ணின் பேச்சுக்கு ஒரு ஆள் இவ்வளவு மரியாதை கொடுப்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கு விழுந்தவள்தான். அதற்குப் பிறகு எந்தப் பாட்டும் அவள் காதைத் தாண்டாமல் வெளியே போனதில்லை.

வெளியே போன பாட்டுக்குத்தான் நாதி இல்லை. சொந்தக்காரர்கள் அவனுக்குக் 'கப்பு பார்ட்டி' என்று பேர் வைத்தார்கள். கல்யாண வீடுகளில், "மாமா, டீ குடிச்ச கப்பைக் கழுவி வைக்கவா, இல்ல வாசிக்கப் போறீங்களா?" என்று எளவட்டங்கள் கேட்கும். அவனும் கூடச் சிரிப்பான். மகள் அம்பிகா ஒன்பதாவது படிக்கிறாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் அப்பாவின் சேனலைக் கண்டுபிடித்து, வியூவைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று இரண்டு நாள் ஸ்கூலுக்குப் போகாமல் படுத்துக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பிரபாவின் அண்ணன் ஆனந்தராஜ் ஸ்ரீமுஷ்ணத்தில் மைக் செட் வைத்திருப்பவர். கெட்டவர் இல்லை, ஆனால் நல்லதை வலிக்கிற மாதிரி செய்கிறவர். ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் பேசி, பழமலைநாதனுக்கு இடம் பிடித்துக்கொண்டு வந்தார். "மாப்ள, உங்க கப்பு செட்ட அப்படியே தூக்கிட்டு வாங்க. நாலு சினிமாப் பாட்டு வாசிங்க போதும். புது ஐட்டம், ஜனம் அள்ளும்" என்றார்.

"அதெல்லாம் வேற ஆளுங்க பெத்த புள்ளைங்க மச்சான். நல்ல புள்ளைங்கதான். எனக்கு என் புள்ளயத் தூக்கத்தான் கை வருது" என்றான் இவன்.

"உங்க புள்ளய எவன் மாப்ள கொஞ்சுறான்?" என்று கேட்டுவிட்டு, போட்ட காபியைக் குடிக்காமலே ஆனந்தராஜ் எழுந்து போனார். பிழைக்கத் தெரியாதவன் என்று அன்றைக்குக் குடும்பத்தில் முத்திரை குத்தியாயிற்று. பிரபா அண்ணனோடு சண்டை போட்டாள். புருஷனோடு போடவில்லை. ஆனால் அவளுக்குள்ளும் அன்றைக்கு ஏதோ ஒன்று தளர்ந்துபோனது.

அது மாசி மகத்தில் வந்து நின்றது. மாசி மகத்துக்கு விருத்தாசலத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு தெருக்காரர்கள் போட்ட சின்ன மேடையில், கச்சேரிக்கு முன்னால் உள்ளூர்க்காரனுக்குப் பத்து நிமிஷம் என்று யாரோ புண்ணியவான் சொல்லி வைத்திருந்தார். பழமலைநாதன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சட்டத்தை ஆட்டோவில் ஏற்றி, ஒவ்வொரு கப்பையும் பழந்துணியில் சுற்றிக் கொண்டுபோனான். பிரபா புதுப் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

முதல் சரணம் வரைக்கும் நல்லபடியாகப் போனது. இரண்டாவது சரணத்தில் கமிட்டிக்காரர் மேடை ஏறி, அவன் வாய்க்கு முன்னால் இருந்த மைக்கை எடுத்தார். வழியை மறித்து நிற்கிற ஒரு பைக்கின் நம்பரைச் சொன்னார். அன்னதானம் ஆரம்பித்துவிட்டது என்றார். மைக்கைத் திருப்பி வைக்கவில்லை. கையோடு கொண்டுபோய்க் கச்சேரிக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். அவர்கள் ஒரு சினிமாப் பாட்டை எடுத்த எடுப்பில் கூட்டம் விசிலடித்தது. பழமலைநாதன் நிறுத்தவில்லை. மைக் இல்லாமல், யாருக்கும் கேட்காமல், கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டை முடிக்கிற வரைக்கும் பாடினான். பிரபாவுக்குப் பின்னால் இருந்த ஒரு பொம்பிளை, "பாவம், அந்தாளுக்குக் கொஞ்சம் இது போல" என்று தலையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். பிரபா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் இது என் புருஷன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு அன்றைக்கு அவளுக்குத் தைரியம் இல்லை.

அவன் சிரித்த முகமாகத்தான் வந்தான். "ரெண்டாவது சரணம் மேடையில எடுபடுது பிரபா" என்றான். இந்த மனுஷன் சாகிற வரைக்கும் இப்படியேதான் சிரித்துக்கொண்டு நிற்பான், நான் இதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

மறுவாரம் அவள் மணவாளநல்லூருக்குப் போய்க் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினாள்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கொளஞ்சியப்பர் கோயில் ஒரு கோர்ட். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. யார் மேல் என்ன குறையோ அதை மனுவாக எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட வேண்டும். கோயிலுக்கும் நம் வீட்டுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு அதற்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குவார்கள். சாமி நேரில் வந்து விசாரிக்கப் போகிறதே, பஸ் சார்ஜ் வேண்டாமா? காரியம் முடிந்ததும் மறுபடி போய், முடிந்தது என்று சொல்லி மனுவை ராஜினாமா பண்ண வேண்டும். களவு போனது, கடன் வராதது, பங்காளி வேலியை நகர்த்தியது என்றுதான் ஜனங்கள் எழுதுவார்கள். பிரபா எழுதியது இப்படி:

'ஆலடி ரோட்டில் இருக்கும் பிரபா எழுதிக்கொள்வது. என் வீட்டுக்காரர் பழமலைநாதன் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஒரு குறையும் இல்லை. சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறேன் என்று ஊர் சிரிக்க நிற்கிறார். என்னால் பார்க்க முடியவில்லை. அவர் அதை விட்டுவிட வேண்டும். வாசித்துத்தான் ஆக வேண்டும் என்றால் எல்லாரையும் போல் சினிமாப் பாட்டு வாசித்து மரியாதையாக இருக்கட்டும். நீங்கள்தான் விசாரித்து முடித்துத் தர வேண்டும்.'

கட்டியதும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அண்ணனிடம் மட்டும் போனில் சொன்னாள்.

பதினைந்து நாள் ஆகியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழமலைநாதன் கப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். "ஓனர் கம்பெனியில ஒரு மூலை தரேன்னாரு. வூட்டுல எடத்த அடைச்சிக்கிட்டு இருக்குது. அம்பிகா உக்காந்து படிக்கட்டும்" என்றான். வாசலில் ஆட்டோ நின்றது. "இனிமே வூட்டுல சத்தம் இருக்காது பிரபா" என்றான், கோபம் இல்லாமல், கரண்டு பில் கட்டியாச்சு என்று சொல்கிற மாதிரி. சாமி இவ்வளவு சீக்கிரம் கிளம்பி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

சட்டம் நின்ற இடத்தில் மகளுக்கு மேஜை போட்டார்கள். அவன் வேலைக்குப் போனான், வந்தான், டிவி பார்த்தான், மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். யூடியூபில் புதிதாக எதுவும் வரவில்லை. ஆனந்தராஜ் ஒரு காதுகுத்தில் நாலு பேர் முன்னால், "இப்பத்தான் எங்க மாப்ள மனுஷன் ஆனாரு" என்று தோளில் கை போட்டார். பிரபாவுக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கேட்டதெல்லாம் நடந்திருந்தது. ஆனால் சாயங்காலம் ஆறரை ஆனால் அவள் காது தன்னால் முன்னறைப் பக்கம் போனது. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். குழம்பில் உப்பு போட்டோமா இல்லையா என்று மறந்துபோகும்.

நாலு மாசம் தள்ளிப் போட்டாள். முடிந்த மனுவைக் கட்டியே வைத்திருப்பது நல்லதில்லை என்று அண்ணன் விரட்டவும், ஆடி மாசம் போனாள். பிராதைத் திருப்பி வாங்கிக்கிறேன், அவரு பாடட்டும் என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வந்தது. கோயில் ஆபீஸில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், "காரியம் நெறவேறிடுச்சாம்மா?" என்று கேட்டார். இவளுக்கு முன்னால் பத்துப் பேர், பின்னால் இருபது பேர்.

"நெறவேறிடுச்சுங்க" என்றாள். அர்ச்சனைத் தட்டோடு பிரகாரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவள் விபூதி எடுத்துப் பூசிவிட்டாள்.

அடுத்த மாசம்தான் விஷயம் உடைந்தது. உடைத்தது தாஜ் நிஷா. மூன்று வீடு தள்ளி இருப்பவள். புருஷன் குவைத்தில் இருக்க, இவள் அதே கம்பெனியில் பூச்சுப் பிரிவில் வேலை செய்கிறாள். பழமலைநாதனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். தெருக்குழாயில் குடம் நிரம்பக் காத்திருந்தபோது எதையோ முணுமுணுத்தாள். பிரபாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று அந்தப் போக்கு அவளுக்குத் தெரியும். பதினாறு வருஷமாகத் தெரியும். ஆனால் அந்த மெட்டை அவள் கேட்டதில்லை.

"இன்னா பாட்டு தாஜு அது?"

"அண்ணன் பாட்டுதான். முந்தாநாளு சோத்து நேரத்துல பாடுனாங்க. வரி வாயில நிக்க மாட்டேங்குது, மெட்டு மட்டும் போவ மாட்டேங்குது. நானும் சூளைக்கார பெரியநாயகியக்காவும் அழுதுட்டோம்னா பாத்துக்கயேன்."

"அவருதான் பாடுறதே இல்லியே."

"யாரு? அண்ணனா? தினம் சோத்து நேரத்துல பாடுறாங்க. புதுசா ஏழெட்டுப் பாட்டு இருக்கும். இன்னாடி, உங்கிட்ட பாடிக் காட்டாமலா..." என்றவள், பிரபாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள். குடம் நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் குழாயை மூடவில்லை.

உன் புருஷன் இன்னொருத்தி வீட்டுக்குப் போய் வருகிறான் என்று யாராவது சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. ஏழெட்டுப் பாட்டு. ஒன்றுகூட அவள் கேட்டுச் சரி சொல்லாதது. எந்த இடத்தில் இழுவை என்று யாரிடம் கேட்டிருப்பான்? கேட்டிருக்கவே மாட்டானோ?

மறுநாள் சோற்று நேரத்துக்கு, சுண்டைக்காய் வத்தக்குழம்பு கொண்டுபோகிற சாக்கில் கம்பெனிக்குப் போனாள். சுற்றுச்சுவர் ஓரமாக வரும்போதே பீங்கான் சத்தம் கேட்டது. கால் நின்றுவிட்டது. தாஜ் முணுமுணுத்த அதே மெட்டு. முணுமுணுப்பில் இருந்தது எலும்புதான் என்று இப்போது தெரிந்தது. அவன் குரல் வந்தது. ஐந்து மாசமாக 'சாப்பாடு போடு', 'பொண்ணு வந்தாச்சா' என்று மட்டும் கேட்ட குரல். இவ்வளவு நல்ல பாட்டை அவன் இதற்கு முன் கட்டியதில்லை. சுவரில் கை வைத்துக்கொண்டு, பல்லவியையும் முதல் சரணத்தில் பாதியையும் கேட்டாள்.

அதற்குள் வாட்ச்மேன் திருமால், "பழமல, வூட்டுலேருந்து வந்திருக்காங்க பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

சத்தம் டக்கென்று நின்றது. அவள் உள்ளே போனபோது பழமலைநாதன் எழுந்து நின்றிருந்தான். இரண்டு குச்சியையும் முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தான், பெரியவர்கள் வந்தால் பீடியை மறைக்கிற மாதிரி. சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த எட்டுப் பத்துப் பேரும் தட்டைப் பார்த்தார்கள்.

"சும்மாதான் பிரபா. டைம்பாஸுக்கு" என்றான்.

"பாடுங்க."

"நீ உக்காரு. வெயில்ல வந்திருக்குற. தண்ணி குடிக்கிறியா?"

அவள் குழம்புத் தூக்கைக் கீழே வைத்தாள். யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. "நான்தாங்க பிராது கட்டுனேன். நான்தான்."

"தெரியும்" என்றான் மெதுவாக. "அன்னிக்கே மச்சான் போன் பண்ணிச் சொல்லிட்டாரு. பதினோரு நாள் விட்டுப் பாத்தேன். முடியல. என்னால முடியல பிரபா. சரி, உன் காதுல விழாம பாத்துக்குவோம்னுட்டு இங்க தூக்கியாந்துட்டேன்." அவன் குரலில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "நீ சாமி கிட்ட போயி எழுதிக் குடுக்குற அளவுக்கு அது உனக்குக் கஷ்டமா இருந்திருக்குது. பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சு."

"ராஜினாமா பண்ணிட்டேங்க. அத விடுங்க. அந்தப் பாட்ட பாடுங்க. எனக்குக் கேக்கணும்."

அவன் அவளைப் பார்த்தான். பதினாறு வருஷமாகப் பாட்டு முடிந்ததும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பானே, அந்தப் பார்வை இல்லை இது. தூரத்துச் சொந்தம் வீட்டுக்கு வந்தால் எதைக் கொடுத்து உபசரிப்பது என்று யோசிக்கிறவன் பார்வை. பிறகு முகம் தெளிந்து, சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து, குச்சியை எடுத்தான். பிரபா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

முதல் நாலு தட்டிலேயே தெரிந்துவிட்டது. அது ஒரு பழைய சினிமாப் பாட்டு. ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் ஸ்கூல் படிக்கிற காலத்தில் அண்ணனின் மைக் செட்டில் ஓயாமல் ஓடியது, அவளுக்குப் பிடித்தது. அவன் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தான். வாசித்துக்கொண்டே அவளைப் பார்த்து, பிடித்திருக்கிறதா என்கிற மாதிரி அன்பாகச் சிரித்தான். ஆட்கள் உற்சாகமாகிக் கூடவே பாட ஆரம்பித்தார்கள். திருமால் வாசலில் நின்று தாளம் போட்டார்.

முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணன் சினிமாப் பாட்டு வாசிச்சு இன்னிக்குத்தான் கேக்குறோம் என்று யாரோ சொன்னார்கள். தாஜ் நிஷா மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்து பிரபாவும் கைதட்டினாள்.